சறுக்குமரம்

ஜனவரி 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் வாலு எழுதுகிறேன். காதில் மாட்டுகிற மிஷின் இன்னும் பெட்டியில்தான் தூங்குகிறதா, எப்போதாவது காதுக்கும் வருகிறதா? முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்துத் தருவதாகச் சொன்ன கீழ்வீட்டுத் தையல்காரர் வைத்தாரா? நான் சுகம். இரத்த அழுத்தம் மட்டும் எங்கள் பெரிய டாக்டரின் கோபம் மாதிரி, ஏறினால் இறங்குவதில்லை.

ஃபோனில் பேசினால் "என்னது, என்னது" என்கிறீர்கள். மெயிலைத் திறப்பதில்லை. அதனால்தான் தாளும் பேனாவும்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் நீங்கள் எழுதிய, படுக்கை ஒதுக்கும் புரோகிராமைத் திருத்தி எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஏப்ரலில் புதுப் பிரசவக் கட்டிடம் திறக்கிறார்கள், அதன் வார்டுகளைச் சேர்க்க வேண்டும். நீங்கள் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த புரோகிராமில் யாரும் கை வைக்கவில்லை. பயம். நோயாளி வந்ததும் எந்த வார்டு, எந்தப் படுக்கை என்று அது சரியாகத்தான் சொல்கிறது. எப்படிச் சொல்கிறது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. 'இப்படி இருந்தால்' என்கிற ஒரு இஃப், அதன் வயிற்றுக்குள் இன்னொரு இஃப், அதற்குள் மற்றொன்று. ஒவ்வொன்றும் வலது பக்கம் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசி வரி திரைக்கு வெளியே விழுகிறது. என் செக்ஷன் ஆட்கள் அதற்கு "சறுக்குமரம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே ஏறி உட்கார்ந்தால் நேரே மண்ணில்தான் வந்து விழ வேண்டுமாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் சிரித்துவிட்டேன்.

நீங்கள் சரி என்று சொன்னால்தான் தொடுவேன்.

அன்புடன்,
வாலு


ஜனவரி 19

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும், அதாவது நான், சுகம். காது மிஷின் போட்டால் சத்தம் கேட்கிறது, பேச்சு கேட்பதில்லை. கைப்பிடி வரவில்லை. "வெச்சிரலாம் சார், நாளைக்கு" என்று தையல்காரர் கீழிருந்து தினமும் கத்துகிறார். உனக்கு இரத்த அழுத்தம் கூடியிருந்தால், கூடியிருக்கிறது என்று டாக்டரும் சொன்னால், அவர் சொன்னது மாத்திரையைப் பற்றி என்றால், தவறாமல் சாப்பிடு.

புரோகிராமைத் தொட என்னிடம் எதற்கு அனுமதி? அது ஆஸ்பத்திரியின் சொத்து. நான் போட்ட ஒவ்வொரு இஃப்பும் யாராவது ஒருவர் என் மேஜைக்கு வந்து சொன்னதற்காகப் போட்டது. ஒருவர் போனதும் அடுத்தவர் வருவார். முன்னால் இருந்ததைக் கலைக்க எனக்குத் தைரியம் கிடையாது, உள்ளேயே வைத்துவிடுவேன். அப்படித்தான் அது சரிந்துகொண்டே போயிற்று. அது குறை என்றால் குறைதான்.

சறுக்குமரம் என்ற பெயரை யார் வைத்தார்கள் என்று தெரிந்தால், தெரிந்துகொண்டு ஒன்றும் ஆகப்போவதில்லை, இருந்தாலும் தெரிந்தால் எழுது.

செக்ஷனில் ஜன்னலோரம் நான் உட்கார்ந்த நாற்காலி இருக்கும், இடது கை ஆடும். இன்னும் இருக்கிறதா?

அண்ணன்


பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

குளிர் விட்டுவிட்டதா? ஸ்வெட்டரைக் கழற்ற அவசரப்படாதீர்கள். எனக்கு மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், இப்போது இரத்த அழுத்தத்தோடு தூக்கமும் சேர்ந்து வருகிறது.

நாற்காலி இருக்கிறது. அதில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கையை ஆணி அடித்துச் சரி செய்துவிட்டோம்.

வேலை முடிந்துவிட்டது அண்ணா! பழசையும் புதுசையும் தாளில் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உங்களுடையது கனமான கட்டு, என்னுடையது கைக்குள் அடங்குகிறது. என்ன செய்தேன் தெரியுமா? வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தினேன், அவ்வளவுதான். வருகிறவரைக் கூடத்தில் உட்கார வைத்து, உள்ளறைக்கு அழைத்துப்போய், அதற்கும் உள்ளே ஓர் அறையில் வைத்து "உங்களுக்கு என்ன?" என்று கேட்பது உங்கள் வழக்கம். நான் வாசலிலேயே கேட்டுவிடுகிறேன். பதில் கிடைத்ததா, அவர் கதை அங்கேயே முடிந்தது, போகலாம். அடுத்த கேள்வி மிச்சம் இருப்பவர்களுக்கு. எல்லா வரியும் இடது ஓரத்தில் நேராக நிற்கிறது. 'இல்லாவிட்டால்' என்கிற எல்ஸ் ஒன்றுகூடக் கிடையாது.

உங்கள் புரோகிராமின் கோடில் ஒவ்வொரு கிளையின் அடியிலும் "தொற்று நோயா?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. எங்கே கேட்டாலும் ஒரே பதில்: தொற்று வார்டு. அத்தனையையும் பிடுங்கி ஒன்றாக்கி முதல் வரியில் வைத்தேன். போன வருஷம் சேர்ந்த நோயாளிகள் எல்லோரையும் இரண்டு புரோகிராமிலும் ஓட்டிப் பார்த்தோம். பழசும் புதுசும் ஒரே பதில் சொல்கின்றன.

பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "இதை நானே படிச்சுப் புரிஞ்சுக்குவேன் போலிருக்கே" என்றார். அவர் என் வேலையைப் பாராட்டுவது இதுவே முதல் தடவை.

ஆனாலும் நீங்கள் பார்த்துச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி. தப்பு இருந்தால் மண்டையில் குட்டுங்கள்.

அன்புடன்,
வாலு

பி.கு.: பெயர் வைத்தது யார் என்று கேட்டிருந்தீர்கள். நான்தான். முதல் கடிதத்தில் சொல்ல வெட்கமாக இருந்தது.


மார்ச் 2

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. முழங்கால் வீங்கியிருந்தது. தபால் பெட்டி வரை நடக்க வேண்டுமே. உன் தூக்கம் எப்படி?

தாள்களைப் பார்த்தேன். பெரிய டாக்டர் பாராட்டியது பற்றி மகிழ்ச்சி. என் காலத்தில் இருந்த பெரிய டாக்டர் என்னிடம் பேசியதே மூன்று தடவையோ என்னவோ, அதிலும் ஒரு தடவை கதவைச் சாத்தச் சொன்னார்.

எழுத்து சுத்தமாக இருக்கிறது. தொற்றை நீ முதல் வரியில் கேட்பது, கைக்குழந்தையோடு வருகிறவர்கள் இல்லாதபோது, அல்லது வந்தாலும் குழந்தைக்கல்லாமல் தாய்க்கே தொற்று இருந்து, அவளுக்கு எது படுக்கையோ அதுவே குழந்தைக்கும் என்று ஆகிவிடாத பட்சத்தில், அப்படி ஆனாலும் நர்ஸ் யாராவது கவனித்தால் அது ஒரு பொருட்டில்லை என்று எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் சரியென்றே சொல்லலாம், நான் பழைய ஆள், நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். மற்றபடி எல்லாம் சரி.

நாற்காலியில் கை ஆடுவது எனக்குப் பழகியிருந்தது.

சின்ன வயதில் அப்பா வாங்கிய சைக்கிள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஏனோ நினைவு வந்தது.

அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். யாராவது இருக்கிறார்களா கொடுக்க? தையல்காரரைக் கேட்டால் அதற்கும் நாளைக்கு என்பார்.

உங்கள் கடிதம் வந்ததும் செக்ஷனில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நடுவில் குழந்தை, தாய், நர்ஸ் என்று ஏதோ வந்தது. ஒருவர் கேட்டார்: "மேடம், இது லெட்டரா, பழைய கோடா?" சிரித்துச் சிரித்து டீ ஆறிப்போனது. "எல்லாம் சரி" என்று முடித்திருந்தீர்கள். எனக்கு அது போதும். அன்றைக்கே புது புரோகிராமுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

சைக்கிள் ஞாபகம் இல்லாமலா? நீங்கள் அப்பா முன்னால் நின்று, "ஒருவேளை மழை நின்னா, ஸ்கூலும் தூரமா இருந்தா, உங்களுக்கும் சிரமம் இல்லேன்னா" என்று ஆரம்பிப்பீர்கள். அப்பா தூங்கிவிடுவார். நான் போய், "அப்பா, சைக்கிள்" என்றேன். வந்துவிட்டது. அதே ஆள்தான் நீங்கள் இன்னும்.

ஏப்ரல் 5, திங்கட்கிழமை காலை புதுக் கட்டிடம் திறப்பு. அன்று எட்டு மணிக்குப் புது புரோகிராமும் ஓட ஆரம்பிக்கும். எனக்கு ஒரு கேடயம் தருகிறார்களாம், பெயர் பொறித்து. நீங்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும். வாருங்கள் அண்ணா.

அன்புடன்,
வாலு


மார்ச் 21

அன்புத் தங்கைக்கு,

முழங்கால் தேவலை. பயணத்துக்கு ஆகாது. வர இயலவில்லை.

கேடயத்தில் பெயரைப் பிழையில்லாமல் பொறிக்கிறார்களா என்று முன்னாலேயே பார்த்துக்கொள். எனக்கு ஓய்வு பெற்ற அன்று கொடுத்த சுவர்க்கடிகாரத்தில் வேறு யார் பெயரோ இருந்தது. நான் சொல்லவில்லை. இன்னும் அதில்தான் மணி பார்க்கிறேன்.

என் கடிதத்தைச் சிரித்துக்கொண்டு படித்ததாக எழுதியிருக்கிறாய். நேரம் இருந்தால், வேலை இல்லாத பொழுதாக இருந்தால், இன்னொரு தடவை படித்துப் பார்க்கலாம். கட்டாயமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், நலம் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடி மறுபடி படித்தேன். வாக்கியத்தின் வாலைப் பிடித்தால் தலை நழுவுகிறது, தலையைப் பிடித்தால் வால் இல்லை. நம் அண்ணன் நம்மைக் கெட்டிக்காரி என்று வாய் திறந்து சொல்லக் கூச்சப்பட்டுச் சுற்றி வளைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் விழாவுக்கு வரவில்லை என்று தெரிந்ததும் செக்ஷனில் ஒருத்தி, "உங்க அண்ணாவுக்குப் பொறாமையோ என்னமோ மேடம்" என்றாள். அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். "எங்க அண்ணனை உனக்குத் தெரியாது. தன் சைக்கிளை எனக்கு விட்டுக்கொடுத்துட்டு, அது பின்னாடியே ஓடி வந்த மனுஷன்" என்றேன். அவள் மன்னிப்புக் கேட்டாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாலு


ஏப்ரல் 4, ஞாயிறு

நாளைக் காலை அதை ஓட்டாதே. தொற்றை முதல் வரியில் கேட்காதே.

கைக்குழந்தையோடு வரும் தாய்க்குத் தொற்று இருந்தால் உன் புரோகிராம் அவளைத் தொற்று வார்டுக்கு அனுப்பும். கைக்குழந்தைக்குத் தனிப் படுக்கை எண் கிடையாது, தாயின் எண்ணோடு ஒட்டிக்கொண்டு போகும். குழந்தையும் தொற்று வார்டில் போய்ப் படுக்கும்.

என் கோடில் ஒரு கிளையில் மட்டும் பதில் வேறு. திரைக்கு வெளியே விழுகிறது என்றாயே, அந்தக் கடைசி வரி. தாயைத் தொற்று வார்டுக்கும் குழந்தையைச் சிசு அறைக்கும் பிரித்து அனுப்பும். பார்வைக்கு மற்றக் கிளைகளைப் போலவே இருக்கும், ஒரு சொல்தான் மாறியிருக்கும். நீ எல்லாவற்றோடும் சேர்த்து அதையும் பிடுங்கிவிட்டாய். போன வருஷம் அப்படி யாரும் வரவில்லை. அதனால் உன் டெஸ்டில் சிக்கவில்லை.

நான் வேலையில் இருந்தபோது ஒருத்தி வந்தாள். தலைமை நர்ஸ் என் மேஜையைத் தட்டி, "உங்க மிஷின் சொல்ற எடத்துல நான் இந்தக் குழந்தையைப் படுக்க வைக்க மாட்டேன். உங்க வீட்டுக் குழந்தையா இருந்தா நீங்க வைப்பீங்களா?" என்றார். அன்று போட்ட இஃப் அது. அவர் தைரியசாலி. கூட்டம் முட்டும்போது எல்லா நர்ஸும் திரையை எதிர்த்துப் பேச மாட்டார்கள். திரை சொன்ன இடத்துக்குத்தான் தள்ளுவண்டி போகும்.

உன் தாளைப் பிரித்த அன்றே இதைப் பார்த்துவிட்டேன். மார்ச் 2ஆம் தேதி எழுதியதை உனக்குப் புரியக்கூடாது என்றுதான் அப்படி எழுதினேன். பிறகு யாராவது கேட்டால் சொன்னேனே என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பெண் சொன்னது சரி. எனக்குப் பொறாமை. சைக்கிளை நான் விட்டுக்கொடுக்கவில்லை. நீ கேட்டு வாங்கினாய். பின்னால் ஓடியது நீ விழுவாய் என்று பார்க்க.

தையல்காரர் இந்தத் தாளைப் படம் பிடித்து உன் ஃபோனுக்கு அனுப்புவார். கிடைத்தது என்று அவருக்கு உடனே பதில் போடு. பதில் வரும்வரை கீழே அவர் கடையில் உட்கார்ந்திருப்பேன்.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணாவுக்கு,

நிறுத்திவிட்டேன். பழைய புரோகிராமே ஓடுகிறது, புது வார்டுகளுக்கு மட்டும் கையால் எழுதுகிறார்கள். தப்பு என்னுடையது என்று பெரிய டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். விழாவில் என் பெயரைக் கூப்பிடவில்லை.

இதற்கு மேல் எழுத வரவில்லை.


மே 9

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை.

தையல்காரர் கைப்பிடி வைத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் பதில் வரும்வரை நான் அவர் கடையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டாராம். "சார், படியில விழப்போறீங்கன்னு நெனச்சேன்" என்று காதருகில் வந்து கத்தினார். காசு வேண்டாம் என்கிறார். கொடுத்தேன்.

பதில் போட வேண்டாம் என்று எழுதலாம் என்றிருந்தேன். அது பொய்யாகிவிடும். பதில் போடு.

அண்ணன்


ஜூன் 14

அண்ணாவுக்கு,

நலம்தான். இரத்த அழுத்தம் ஏறி, ஒரு வாரம் லீவு போட்டு, இறங்கியிருக்கிறது. மே மாதம் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் திட்டுதான் வந்தது, கிழித்துப் போட்டேன்.

கோபம் எதற்குத் தெரியுமா? உங்களுக்குப் பொறாமை என்பதற்கு இல்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கும்தான் கொஞ்சம் தலை கனத்தது. என்னிடம் தோற்கக்கூடாது என்று ஒரு குழந்தையை நடுவில் நிறுத்தினீர்களே, அதற்கு. அதைக் கடிதத்தில் சரி செய்ய முடியாது. முயற்சி செய்யாதீர்கள்.

புரோகிராமைத் திருத்திவிட்டேன். இப்போது முதல் வரி "தொற்றுள்ள தாய், கைக்குழந்தையோடா?" மற்றத் தொற்று அடுத்த வரியில். இடது ஓரம் நேராகத்தான் நிற்கிறது. போன வருஷத்துக் கணக்கோடு, இதுவரை வராதவர்களையும் நாங்களே கற்பனை செய்து வரிசையாக ஓட்டிப் பார்த்தோம். பொறாமை என்று சொன்ன அந்தப் பெண்ணை உட்கார வைத்து, உங்கள் கட்டின் ஒவ்வொரு கிளையையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். படித்து முடித்து, "மேடம், இதுல ஒண்ணுகூட சும்மா போட்டது இல்ல" என்றாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

போன வாரம் ஒருத்தி வந்தாள். காசநோய். கையில் பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தை. நர்ஸ் திரையைப் பார்த்தார், இரண்டு தள்ளுவண்டி இரண்டு பக்கம் போயிற்று. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. சாயங்காலம் படுக்கைப் பட்டியலைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரியும்.

இதோடு ஒரு கட்டு வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி மருந்தகத்தின் புரோகிராம். யார் எழுதியது என்று உங்களுக்குத் தெரியும், நான்தான், வேலையில் சேர்ந்த புதிதில். அதுவும் ஒரு சறுக்குமரம்தான், உங்களுடையதைவிடச் சரிவு அதிகம். அதை நேராக்கச் செக்ஷனில் கேட்டார்கள். நான் எழுதியதில் இன்னொருவர் கை வைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரிய வேண்டும். நீங்கள் வையுங்கள். எனக்குப் பிடிக்காமல்தான் போகும்.

ஆனால் தப்பு இருந்தால் முதல் வரியில் எழுதுங்கள்.

வாலு


ஜூன் 25

ஐந்தாம் தாள், நடுவில்: மருந்து இருப்பில் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பே நோயாளியை மூன்றாவது கவுண்டர் வரிசைக்கு அனுப்பிவிடுகிறாய். அவர் கால் கடுக்க நின்று, ஜன்னலுக்குப் போய், இல்லை என்ற பதிலோடு திரும்புகிறார். இத்தனை வருஷமாக. அந்த வரிசையில் நானே நின்றிருக்கிறேன்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். "என்ன சார், தனியா சிரிக்கிறீங்க?" என்று தையல்காரர் கீழிருந்து கேட்டது மிஷின் இல்லாமலே கேட்டது.

மற்ற இடங்களில் உன் கோடு என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. அந்த வயதில் எனக்கு இப்படி எழுத வரவில்லை. இரண்டு நாள் வயிறு எரிந்தது. இன்று பரவாயில்லை.

நேராக்கிய தாள்கள் உள்ளே இருக்கின்றன. இருப்பை முதல் வரியில் கேட்கிறேன். இடையில் எங்காவது நான் ஒரு சொல்லைப் பிடுங்கியிருந்தால் பார்த்துச் சொல்.

நலமா? தூக்கம் வருகிறதா?

அண்ணன்